துரைக்குப் பத்து அமிலம்

பி.எஸ்சி. முடித்த புதிதில் ‘தெரியாது’ என்று ஒரு சொல் தமிழில் இருப்பதே எனக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். ரயில் ஏன் தாமதம் என்று கேட்டாலும் சொல்வேன், பருத்தி விலை ஏன் இறங்குகிறது என்று கேட்டாலும் சொல்வேன். விருதுநகரில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால் மறுத்துப் பேச ஆள் கிடையாது. (என் அய்யா மறுத்திருக்கலாம். ஆனால் அவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்த மகன் உளறுகிறான் என்று ஒப்புக்கொள்ள எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் வரும்?)

நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கத்தில். மதுரையில் வேதியியல் படித்துவிட்டு ஊருக்கு வந்து ஒரு வருடமாகச் சும்மா இருந்தேன். அய்யா மிளகாய் வற்றல் கமிஷன் கடை வைத்திருந்தார். காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அவர் திரும்பி வரும்போதும் அதே பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் ஒருநாள் சொல்லிவிட்டார். ஆடிக்குள் வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் கடைக்கு வந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். எனக்கு மிளகாய் நெடி பட்டால் கண் இரண்டும் மூடிக்கொண்டு முகம் பணியாரம் மாதிரி உப்பிவிடும். காலம் முழுவதும் அந்த முகத்தோடு திரிய வேண்டியதுதான் என்ற பயத்தில், சிவகாசியில் ஒரு வெடிக் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓடிப்போய் முதலாளியைப் பார்த்தேன்.

முதலாளி ரத்தினவேல் அண்ணாச்சி. இண்டர்வியூ கம்பெனியில் நடக்கவில்லை, அவர் வீட்டு முற்றத்தில் நடந்தது. வெடியுப்பு, அலுமினியப் பொடி, பேரியம் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அண்ணாச்சி என் சர்ட்டிபிகேட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி கெமிஸ்ட்ரிதான?”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்பம் இதச் சொல்லு. எங்க துரைக்கு ஏன் முடி கொட்டுது?”

அவருடைய மகனாக இருக்கும், இளவயதிலேயே வழுக்கை போலிருக்கிறது என்று நினைத்து அனுதாபமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து துரையே வந்துவிட்டான். ராஜபாளையத்து நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த நிறத்துக்காகத்தான் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த வீட்டில் துரைத்தனம் குறையவில்லை என்பதை அவன் நடையிலேயே பார்க்கலாம். ஆனால் முதுகில் திட்டுத் திட்டாக முடி உதிர்ந்து தோல் தெரிந்தது.

“தீபாவளி சீசனுக்குப் புது லேபிள் போடப்போறேன்” என்றார் அண்ணாச்சி. “நாய் மார்க். புலி, சிங்கம், மயிலு எல்லாத்தையும் அவனவன் போட்டுட்டான். நாய்தான் மிச்சம் இருக்கு. ஆடியில இதப் போட்டோ எடுத்து பிரஸ்ஸுக்குக் குடுக்கணும். இப்ப இருக்குற லெச்சணத்துல எடுத்தம்னா, சொறிநாய் வெடி ஒரு பாக்கெட் குடுங்கன்னுதான் கேப்பான்.”

அண்ணாச்சியின் மனைவியை மதினி என்றுதான் கூப்பிட்டேன். அவர் காப்பியோடு வந்து மீதியைச் சொன்னார். சீசன் முடிகிறவரை கம்பெனியில் ஒரு சேதாரமும் வரக்கூடாது என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாராம். ஆடிக் கடைசி வெள்ளி வரை வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது.

“துரைக்குமா மதினி?”

“அதும் இந்த வீட்டுச் சோறுதான தம்பி திங்குது? மோருஞ்சோறுதான் போடுதேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டே திங்குது.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே பதில் தெரிந்திருந்தது. கடைசி வருடப் பாடப் புத்தகத்தில் புரதம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் பலவற்றை உடம்பு தானே செய்துகொள்ளும். பத்து அமிலங்களை மட்டும் செய்துகொள்ளத் தெரியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். அவற்றுக்கு அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்று பெயர். (புத்தகத்தில் இது எலியைப் பற்றித்தான் போட்டிருந்தது. எலிக்குப் பத்து என்றால் நாய்க்கும் பத்துதான் என்று அந்த முற்றத்திலேயே முடிவு செய்தேன். பின்னாளில் விசாரித்ததில் நாய்க்கும் பத்தேதான். குருட்டாம்போக்கில் சரியாகப் போனது அது ஒன்றுதான்.)

“பத்துல ஒண்ணு கொறஞ்சாலும் போச்சு அண்ணாச்சி” என்றேன். “மத்த ஒம்பதும் இருந்தும் உடம்புக்குப் பிரயோசனமில்ல.”

“திரி அத்துப்போன சரம் மாதிரி” என்றார் அண்ணாச்சி உடனே. “நடுவுல ஒண்ணு போச்சுன்னா அதுக்குப் பொறத்தால ஒண்ணும் வெடிக்காது.”

எங்கள் பேராசிரியருக்கு இந்த உவமை தெரிந்திருந்தால் வகுப்பில் நாங்கள் தூங்கியிருக்கமாட்டோம். நான் உற்சாகம் தாங்காமல் பத்துப் பெயரையும் ஒப்பித்தேன். ஆர்ஜினின், ஹிஸ்டிடின், லைசின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், பினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வாலின். துரை காதைத் தூக்கிக்கொண்டு கேட்டான். மதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஏதோ அர்ச்சனை நடக்கிறது என்று பயபக்தியோடு நின்றார்.

“இம்புட்டும் எந்தக் கடையில தம்பி கெடைக்கும்?”

கறியிலும் முட்டையிலும் பத்தும் இருக்கிறது, விரதம் என்பதால் அது ஆகாது, தானியத்தில் லைசின் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு, எள்ளில் மெத்தியோனின் நிறைய, ஆகையால் கம்பும் பாசிப்பயறும் குழைய வேகவைத்து, எள்ளைப் பொடித்துப் போட்டு, தயிர் ஊற்றிப் பிசைந்து கொடுங்கள் என்றேன். இதில் ஒரு பிழையும் கிடையாது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் காப்பி இன்னும் பாதி டம்ளர் மீதி இருந்தது.

“இந்தப் பத்துல மெத்தியோனின்தான் அண்ணாச்சி முடிக்கு ரொம்ப முக்கியம்” என்றேன். “ஏன்னா அதுலதான் கந்தகம் இருக்கு.”

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

“கந்தகமா? முடிக்குக் கந்தகமா வேணும்?”

“ஆமா அண்ணாச்சி. முடி கருகுனா ஒரு நாத்தம் வருதுல்ல, அதே கந்தகத்தாலதான்.”

“அட, இத மொதல்லயே சொல்லுறதுக்கென்ன! வாயில நொழையாத பேரெல்லாம் சொல்லிக்கிட்டு! நம்ம குடோன்ல மூடை மூடையாக் கெடக்குதேப்பா!”

வேறு எந்த ஊர்க்காரருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. மற்ற ஊர்களில் கந்தகம் என்றால் ஏதோ மருந்துக்கடைச் சாமான். சிவகாசியில் அது உப்பு, புளி மாதிரி. சரக்கு கையில் இருக்கும்போது எள்ளைச் சுற்றி எதற்கு வரவேண்டும் என்பது அண்ணாச்சியின் கணக்கு.

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘அண்ணாச்சி, மெத்தியோனினில் கந்தகம் வேறு விதமாகப் பிணைந்திருக்கிறது. மூட்டையில் இருக்கும் பொடியைத் தின்று நாயின் உடம்பு அதைச் செய்துகொள்ள முடியாது. முடியாது என்பதால்தான் அதற்கு அத்தியாவசியம் என்றே பெயர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். மத்தாப்பு கொளுத்திய மாதிரி இருந்தது. அதை அணைத்தால் என் வேலையும் சேர்ந்து அணைந்துவிடும் என்று தோன்றியது.

“ஒரு சிட்டிகை போடலாம் அண்ணாச்சி, தப்பில்ல” என்றேன்.

“நாயத் தேத்திக் காட்டு. போட்டோ நல்லா விழுந்துச்சுன்னா அன்னைக்கே வேலை ஒனக்கு” என்றார்.

அன்றிலிருந்து வாராவாரம் விருதுநகரில் பஸ் ஏறி, ஆமத்தூர் வழியாகக் குலுங்கிக்கொண்டு போய்த் துரையைப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் இண்டர்வியூ இன்னும் முடியவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். (“என்னலே இது, ஐ.ஏ.எஸ். பரீட்சையா?” என்று அய்யா ஒருநாள் கேட்டார்.) கம்பும் பயறும் எள்ளும் தயிரும் சேர்ந்து வேலையைக் காட்டின. வழுக்கை விழுந்த இடத்தில் பூனைமயிர் மாதிரி முளைத்தது, பிறகு அடர்ந்தது. ஆடி பிறந்தபோது துரை பட்டுத்துணி போர்த்திய மாதிரி பளபளவென்று நின்றான். அண்ணாச்சி அத்தனை பெருமையையும் கந்தகத்துக்குக் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை.

வீட்டில் ஒரு வாடை மட்டும் நிரந்தரமாகக் குடிவந்திருந்தது. மதினியின் தம்பி குடும்பத்தோடு வந்து, மறுநாளே ஏதோ அவசரம் என்று கிளம்பிப் போனார். சாக்கடை அடைத்திருக்கிறது என்று ஆள் வைத்துத் தோண்டினார்கள். அந்த வீட்டின் வரலாற்றில் சாக்கடை அவ்வளவு சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை. வாடை போகவில்லை. மதினி என்னிடம் கேட்டார். சாக்கடையில் நுண்ணுயிர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அரை மணி நேரம் விளக்கினேன். என் காலடியில் துரை படுத்து நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

போட்டோ எடுக்கும் நாள் வந்தது. கம்பெனி ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. அன்றைக்கு ஆடிக்காற்று பேய்க்காற்றாக வீசி மண்ணை வாரி இறைத்ததால் வெளியே எடுக்க முடியாது என்று போட்டோக்காரர் சொல்லிவிட்டார். மருந்து இருக்கும் ஷெட்டுகளுக்குள் எடுப்பதென்ற பேச்சே கிடையாது. ஆகவே ஆபீஸ் அறை. கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, கண்ணாடி வைத்த ஒரு ஜன்னல் வழியாக மட்டும் வெளிச்சம் வந்தது. நடுவில் முக்காலி போட்டுத் துரையை உட்கார வைத்தோம். அவனுக்குப் பின்னால் சாத்திய ஒரு கதவு. அறைக்குள் அண்ணாச்சி, மதினி, போர்மேன் பரமசிவம், நான். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான் கெமிஸ்ட் மாதிரி தெரிய வேண்டும் என்று பேண்ட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது என்னோடு படித்த நண்பனுடையது. அவன் இடுப்புக்குள் என்னைப் போல இரண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கலாம். பெல்ட் கிடையாது. ஒரு கை எப்போதும் இடுப்பில் இருந்தது.

“துரைக் கண்ணு, அசையாம இரு சாமி” என்றார் மதினி. துரை அசையவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அது வந்தது.

முதலில் பரமசிவத்தின் மூக்கு சுருங்கியது. “அண்ணாச்சி, என்னமோ வாடை அடிக்கி.”

இந்த வார்த்தையை வேறு இடத்தில் சொன்னால் ஜன்னலைத் திறப்பார்கள். வெடிக் கம்பெனியில் சொன்னால் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். மருந்துக் கலவையில் எங்காவது ஈரம் பட்டுச் சூடேறத் தொடங்கினால் இப்படித்தான் முதலில் நாறும் என்று பரமசிவம் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீதான கெமிஸ்ட்டு. என்ன வாடை இது?”

ஆழமாக மூச்சை இழுத்தேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் அந்த வாயுவோடு குடித்தனம் நடத்தியவன் நான். அழுகிய முட்டை நாற்றம். சந்தேகமே இல்லை.

“ஹைட்ரஜன் சல்ஃபைடு! கந்தக வாயு! பத்திக்கிரும் அண்ணாச்சி! ஓடுங்க!”

வெடிக் கம்பெனியில் ஒருவன் ‘ஓடு’ என்றால் ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். பரமசிவம் வெளியே பாய்ந்து, தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைக் கணகணவென்று அடித்தார். ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் பெண்களும் ஆண்களும் தெறித்து ஓடினார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மதினி, “துரை! துரை!” என்று கத்திக்கொண்டே அவருக்கு முன்னால் ஓடினார்.

இதற்கெல்லாம் முன்பே நான் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் யாரும் என்னை முந்தவில்லை.

எல்லோரும் கரிசல் காட்டில் போய் நின்று திரும்பிப் பார்த்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு புகையும் இல்லை. அலுமினியப் பொடி அப்பிய வெள்ளிக் கைகளால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது.

“எந்த ஷெட்டு பரமசிவம்?”

“ஷெட்டு எல்லாம் நல்லா இருக்கு அண்ணாச்சி. வாடை ஆபீஸ்லதான்.”

“ஆபீஸ்ல ஏதுலே கந்தகம்?”

அப்போது ஆபீஸின் பின்கதவு வழியாகத் துரை வெளியே வந்தான். அவசரமில்லாமல், வாலை ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடந்தான். காற்று அவன் பக்கமிருந்து எங்கள் பக்கம் அடித்தது. அவன் வந்து சேர்வதற்கு முன்பே வாடை வந்து சேர்ந்துவிட்டது.

பரமசிவம் முகர்ந்தார். துரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி” என்றார் மெதுவாக, “நம்ம நாய்தான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி மதினி பக்கம் திரும்பினார். “எம்புட்டுப் போட்ட?”

“தம்பி சிட்டிகைன்னுச்சு. அம்புட்டுப் பெரிய நாய்க்குச் சிட்டிகை எங்கன காணும்? வேளைக்கு ஒரு கரண்டி போட்டேன். நல்லதுதான, கூடக் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு” என்றார் மதினி.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அந்தக் காடே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். சாவுக்குப் பயந்து ஓடி வந்தவர்களின் சிரிப்பு லேசில் நிற்காது. நான் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். கரிசல் மண்ணில் வெடிப்புகள் நிறைய உண்டு. ஏதாவது ஒன்றுக்குள் இறங்கிவிட முடியுமா என்று பார்த்தேன். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

“வீட்டுக்குப் போ தம்பி” என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஆமத்தூர் வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன், அதன்பிறகு அடக்கவில்லை. அய்யாவிடம் வேலை இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அன்றைக்குச் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். அதுதான் இன்னும் வலித்தது. ஆவணியில் கடைக்குப் போய் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். முகம் வீங்கியது. வருகிறவர்கள் அய்யாவிடம், “பையனுக்கு அம்மை போட்டிருக்கா?” என்று கேட்டார்கள்.

ஒரு மதிய வேளையில் பரமசிவம் கடை வாசலில் வந்து நின்றார். வீங்கிய முகத்தில் என்னை அடையாளம் தெரியாமல் என்னிடமே என்னை விசாரித்தார். அண்ணாச்சி கையோடு கூட்டி வரச் சொன்னாராம்.

அண்ணாச்சி ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். புது லேபிள். நடந்தது என்னவென்றால், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரருக்கு வாடை தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் கத்தலில் பதறி, படம் எடுக்க அமுக்கும் ரப்பர் பல்பைக் கையில் இருந்தபடியே அமுக்கிவிட்டுத்தான் ஓடியிருக்கிறார். பிரஸ்ஸில் படம் வரைகிறவர் போட்டோவில் இருந்ததை ஒன்று விடாமல் வரைந்து வர்ணம் அடித்துவிட்டார். முன்னால் கம்பீரமாகத் துரை. பின்னால் திறந்த வெளியில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, மறு கையை வானத்துக்குத் தூக்கி, ஒற்றைக் காலில் பறந்துகொண்டிருக்கும் ஒருவனின் முதுகு.

“அழிக்கச் சொல்லத்தான் நெனச்சேன்” என்றார் அண்ணாச்சி. “அப்புறம் பாத்தா, நல்லாத்தான இருக்கு? எங்க வெடிக்கு மனுசன் தெறிச்சு ஓடுதான், எங்க நாய் அசையாம இருக்குது. ஏசென்டு எல்லாவனும் இதத்தான் கேக்கான்.”

முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு வேலைக்கு வந்துரு” என்றார்.

“லேபிளுக்காகவா அண்ணாச்சி?”

“லேபிளுக்காக எவன்லே வேலை குடுப்பான்? படிச்சவன் ஆபத்துன்னா நின்னு யோசிப்பானேன்னுதான் எனக்குப் பயம். நீ யோசிக்கல. வாடை வந்துச்சு, கத்துன. அன்னைக்கு நெசமாவே பத்தியிருந்தா அம்புட்டுப் பேரும் பொழச்சிருப்பாக. அப்படி ஒருத்தன் வேணும் எனக்கு.” பிறகு விரலை நீட்டினார். “ஆனா நாய்ச் சோத்துப் பக்கம் போன, காலை ஒடிச்சிருவேன்.”

அந்தக் கம்பெனியில் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். துரை ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் வெட்டிய கிடாக்கறியோடு பத்து அமிலங்களையும் ஒரே மூச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டு நெடுநாள் நன்றாக வாழ்ந்தான்.

இரண்டு தீபாவளி கழித்துச் சாத்தூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். கூச்சத்தில் நான் தலை நிமிரவே இல்லை. பெண்ணின் முகத்தை நானும் பார்க்கவில்லை, என் முகத்தை அவளும் பார்க்கவில்லை. பேச்சு பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று அய்யா என் காதில் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் விருதுநகர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. நிறுத்தி வைக்கிறேன் என்று எழுந்து ஓடினேன். புது வேட்டி வழுக்கியது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்த மறு கையைத் தூக்கினேன்.

ஜன்னலில் நின்ற சரோஜா வாய்விட்டுச் சிரித்தாளாம். உள்ளே ஓடித் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருந்த வெடி லேபிளைத் தன் அம்மாவுக்குக் காட்டி, “எனக்குச் சம்மதம்மா” என்றாளாம்.

மூஞ்சியைப் பார்க்காமல் எப்படிச் சம்மதித்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

“மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்ன? முதுகு தெரிஞ்ச முதுகா இருந்துச்சு” என்றாள்.

இத்தனை வயதுக்குப் பிறகும் எங்களுக்குள் சண்டை வருவதுண்டு. கோபத்தில் நான் வெளியே கிளம்பினால் அவள் தடுக்கமாட்டாள், சமாதானம் பேசமாட்டாள். உள்ளே இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் குரல் கொடுப்பாள்.

“ஏ பிள்ளைகளா, லேபிளு கெளம்பிருச்சு. ஓரமா நின்னு பாருங்க.”